ஆறாம் வாட்டின் காத்துக் கொப்பி

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அருளம்பலத்தின் மேல்வரிசைப் பல்லு முழுவதும் சுவிங்கத்தோடு சேர்ந்து அவர் கையில் வந்து விழுந்தபோது, தாதி ஜெயகௌரி வேலைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"மிஷ்ஷ்... உதென்ன உது?" என்றார் அதிபர். மேல்வரிசை இல்லாத வாயில் 'மிஸ்' நீண்டு விசிலாய் முடிந்தது.

"ஐயோ சேர், இழுக்காதேங்கோ. இஞ்சை தாங்கோ."

"சப்பச் சொன்னது நீர்தானே?"

"ஓம் சேர். கட்டுப்பல்லெண்டு நீங்கள் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே!"

அது உண்மை. சுவிங்கம் கொடுப்பதற்கு முன் அவள் எத்தனையோ கேட்டிருந்தாள். சீனி வருத்தம் இருக்கா, பிறஷர் இருக்கா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று ஒன்றும் விடாமல் கேட்டவள், வாயில் இருக்கும் பல்லு சொந்தப் பல்லா என்று மட்டும் கேட்கவில்லை.

குடாநாட்டில் இருக்கும் ஓர் ஆதார வைத்தியசாலையின் ஆறாம் வாட்டு அது. எந்த ஊர் என்று சொன்னால் தாதிமாருக்கெல்லாம் தலைவியான மேற்றன் குணலட்சுமிக்குக் கோபம் வரும். ஆகவே ஊர் கிடக்கட்டும். ஆண்களின் சத்திரசிகிச்சை வாட்டு. வயிறு வெட்டியவர்கள் அதிகம். வயிறு வெட்டினால் குடல் இரண்டு மூன்று நாள் படுத்துவிடும். அது எழும்பிவிட்டது என்பதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. காற்றுப் பிரியும்வரை அந்த வாட்டில் ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் கிடையாது. அதனால் ஆறாம் வாட்டில் காலை வணக்கம் என்று ஒன்று இல்லை. "காத்துப் போச்சோ?" என்பதுதான் வணக்கம்.

பன்னிரண்டு வருடமாக ஜெயகௌரியும் அப்படித்தான் கேட்டு வந்தாள். போன மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனதோடு வந்தது வினை. அங்கே வகுப்பெடுத்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்கள் நாளாந்தம் செய்யிற வேலைக்கு ஆதாரம் என்ன?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெயகௌரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்வது ஆதார வைத்தியசாலையில். செய்கிற வேலைக்கு ஆதாரம் கேட்டால் 'முந்திப் பிடிச்சு இப்பிடித்தான்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, புட்டு அவிய எத்தனை நிமிடம் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று புருசன் ஜெயசுதனைக் கேட்டாள். அவன் புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டான்.

ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பயிற்சிக்குப் போவதற்கு முதல் நாள், வயிறு வெட்டி மூன்றாம் நாளாய்க் காய்ந்துபோய்க் கிடந்த கிழவர் ஒருவர் அவளுடைய கையைப் பிடித்து, "பிள்ளை, நாக்கு நனைக்க ஒரு மிடறு தா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்று அழுதிருந்தார். அவள் கொடுக்கவில்லை. கொடுக்காததற்கும் ஆதாரம் தெரியாது; கொடுத்திருந்தால் அதற்கும் தெரியாது. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஃபோனில் தேடினாள். பயிற்சியில் தந்த கட்டுரைகளைப் புரட்டினாள். அதில் ஒன்று சுவிங்கத்தைப் பற்றியது. வயிறு வெட்டியவர் சுவிங்கம் சப்பினால், சாப்பாடு வருகிறதாக்கும் என்று குடல் ஏமாந்து கெதியாய் எழும்பக்கூடும் என்று சில ஆராய்ச்சிகள் சொல்வதாக அதில் இருந்தது. சில ஆராய்ச்சிகள் பெரிய வித்தியாசம் இல்லை என்கின்றன என்றும் இருந்தது. அந்த இரண்டாவது வரியை அவள் கொஞ்சம் வேகமாக வாசித்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்து மருந்துக்கடை ஒன்றில் சீனி போடாத சுவிங்கம் வாங்கி வந்தாள். முதல் துண்டு அதிபருக்கு. இரண்டு நாளைக்கு முன் குடல் வெட்டித் தைத்த மனிதர், படித்தவர், சொன்னால் விளங்கும் என்று நினைத்தாள்.

இப்போது அவருடைய பல்லு அவளுடைய கையில்.

"கொதிதண்ணியிலை போட்டால் கழண்டிடும் மிஸ்," என்றாள் உதவியாளர் பாலேஸ்வரி. "என்ரை மகளின்ரை சட்டையிலை ஒட்டினதை நான் அப்பிடித்தான் எடுத்தனான்."

போட்டார்கள். கழன்றது. சுவிங்கம் மட்டுமல்ல, பல்லுக்கட்டும் தன் வடிவத்திலிருந்து கழன்றுவிட்டது. வெந்நீரில் இருந்து எடுத்தபோது அது வாடின வெற்றிலை மாதிரி ஒரு பக்கம் சுருண்டிருந்தது.

அதிபர் அதை வாயில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"இது என்ரை பல்லில்லை."

"உங்கடைதான் சேர். சுடுதண்ணியிலை கொஞ்சம்..."

"மிஸ், எனக்கொரு கொப்பித்தாளும் பேனையும் தாரும்."

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தாளும் பேனையும் கேட்டால் அது மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதத்தான். ஜெயகௌரி பல்லு டொக்டரிடம் ஓடினாள். புதுக் கட்டுப்பல்லுக்கு மூன்று கிழமையாவது செல்லும் என்றார் அவர். அதைக் கேட்ட அதிபர், "பல்லுத் தராமல் எனக்குத் துண்டு வெட்டேலாது," என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அவர் போகத் தயாரில்லை.

அவரை எப்படியாவது சமாதானப்படுத்தவேண்டும். ஜெயகௌரி யோசித்தாள். அதிபராய் இருந்தவருக்குப் பொறுப்பு ஒன்று கொடுத்தால் ஆறுதல் வரும்.

"சேர், எனக்கொரு உதவி செய்வியளோ? ஆருக்கு எப்ப காத்துப் போகுதெண்டு எழுதி வைக்கவேணும். பிழை விடாமல் எழுதக்கூடிய ஆள் வேணும்."

அதிபரின் முகம் மாறியது. எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கினார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். கட்டில் இலக்கம், வயது, வெட்டிய நேரம், காற்றுப் பிரிந்த நேரம், கழிந்த மணித்தியாலம். மட்டையில் வட்ட எழுத்தில் 'காற்றுப் பதிவேடு' என்று எழுதினார். பின்னேரத்துக்குள் வாட்டு முழுக்க அது காத்துக் கொப்பி ஆகிவிட்டது.

பெட்டிசம் நின்றது. ஆனால் அதிபர் முப்பத்தாறு வருடம் வரவு இடாப்புக் கூப்பிட்டவர் என்பதை ஜெயகௌரி யோசிக்கவில்லை.

மறுநாள் பெரிய டொக்டர் சோமசேகரம் வாட்டுப் பார்க்க வந்தார். சத்திரசிகிச்சை நிபுணர். அவர் வந்தால் வாட்டில் காற்றாடிகூடச் சத்தமில்லாமல் சுற்றும். நாலாம் கட்டிலில் நின்று எக்ஸ்றேயை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒருவரும் மூச்சு விடாமல் நின்ற நேரத்தில், பதினோராம் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"காத்து, சேர்!"

"எத்தினை மணி?" என்றார் அதிபர் மற்ற மூலையிலிருந்து.

"இப்பதான் சேர்!"

"ஒன்பது பதினேழு. நல்லது, படுத்திரும்."

டொக்டர் எக்ஸ்றேயைக் கீழே இறக்கினார். "மிஸ், இது என்ன நடக்குது?"

ஜெயகௌரி சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், பல்லு உட்பட. டொக்டருடைய மீசை ஒரு தரம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று சொல்லமுடியாத துடிப்பு.

"எத்தினை பேருக்குச் சுவிங்கம் குடுக்கிறியள்?"

"வயிறு வெட்டின எல்லாருக்கும் டொக்டர்."

"அப்ப சுவிங்கத்தாலைதான் போனதெண்டு எப்பிடிச் சொல்லுவியள்? அது தானாயும் போகும்தானே. எட்டுப் பேருக்குக் குடுங்கோ, எட்டுப் பேருக்குக் குடுக்காதேங்கோ. அடுத்த மாதக் கூட்டத்திலை எனக்கு இலக்கம் வேணும்."

அவர் போய்விட்டார். ஜெயகௌரி நின்ற இடத்திலேயே முடிவெடுத்தாள். இரட்டை இலக்கக் கட்டிலுக்குச் சுவிங்கம் உண்டு. ஒற்றை இலக்கத்துக்கு இல்லை. இதைவிட எளிதாய் என்ன இருக்கிறது?

ஏழாம் கட்டிலில் குருநகர் பேதுரு இருந்தார். கடற்தொழிலாளி. எட்டாம் கட்டில்காரர் வாயசைப்பதை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளைக் கூப்பிட்டார்.

"மிஸ், உவருக்கு மருந்து குடுக்கிறியள். எனக்கு இல்லையோ?"

"அது மருந்தில்லை அண்ணை. சும்மா சுவிங்கம்."

"சும்மா எண்டால் எனக்கும் தரலாம்தானே?"

பக்கத்தில் நின்ற மனைவி லூர்த்தம்மா விட்டாளா? "ஆரின்ரை சிபாரிசிலை எட்டாம் கட்டிலுக்குக் குடுக்கிறியள்? எங்களுக்கு இஞ்சை ஆளில்லையெண்டுதானே? நான் பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"இல்லையம்மா, இது ஆராய்ச்சி."

அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக்கூடாது. 'ஆராய்ச்சி' என்றதும் பதினாறு கட்டிலும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாதிப் பேருக்குத் தங்களை வைத்து ஏதோ செய்து பார்க்கிறார்கள் என்று பயம். மற்றப் பாதிக்குத் தங்களை வைத்துச் செய்யவில்லையே என்று கவலை. வாசல்வரை போய்த் திரும்பிவந்து, திரும்பவும் போய், நாள் முழுக்க அவள் ஒவ்வொருவருக்காய் விளங்கப்படுத்தினாள். விருப்பமில்லாதவர் சேரத் தேவையில்லை என்றாள். ஒருவரும் விலகவில்லை. எல்லாருக்கும் இரட்டை இலக்கம்தான் வேண்டும்.

அடுத்த நாள் காலை, இன்சுலின் ஊசியோடு எட்டாம் கட்டிலுக்குப் போனாள். தலைவரை போர்த்திக் கிடந்தவரிடம் பழக்கத்தில் பெயரைக் கேட்டாள்.

"பேதுரு," என்றது கட்டில்.

இரவோடு இரவாக ஏழும் எட்டும் கட்டில் மாறிப் படுத்திருக்கிறார்கள். சீனி வருத்தம் இல்லாத பேதுருவுக்கு அந்த ஊசி போயிருந்தால் உயிருக்கே வினையாகியிருக்கும். ஜெயகௌரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"குறை நினையாதேங்கோ மிஸ்," என்றார் பேதுரு. "ஒரு துண்டு சுவிங்கத்துக்காகத்தான் வந்து படுத்தனான். அவருக்கு நான் ரெண்டு றால் குழம்புச் சாப்பாடு குடுக்கிறதெண்டு கதைச்சனாங்கள்."

"சாகப் பாத்தியள் அண்ணை!"

சீட்டுப் போடுவது என்று அவள் தீர்மானித்தது அந்த இடத்தில்தான். ஒரே அளவாக வெட்டிய தாளில் பாதிக்கு 'சு' என்று எழுதி, மற்றப் பாதியை வெறுமையாய் விட்டு, எல்லாவற்றையும் சுருட்டி ஒரு மருந்துத் தட்டில் போட்டாள். ஆராய்ச்சி என்றபோது சண்டை பிடித்த வாட்டு, திருவுளச்சீட்டு என்றதும் அடங்கிவிட்டது. விபூதி பூசியவர்கள் பிள்ளையாரை நினைத்து எடுத்தார்கள். பேதுரு அந்தோனியாரை வேண்டிச் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தார்.

வெறும் தாள்.

"கடவுள் தந்தது அவ்வளவுதான்," என்றார் பேதுரு. குரலில் உண்மையான துக்கம்.

ஆனால் லூர்த்தம்மா கடவுளோடு அந்தளவில் விட்டுவிடுகிற ஆள் இல்லை. மறுநாள் மத்தியானம் ஒரு பெரிய பையோடு வந்தாள். பை நிறைய ரோஸ் நிறச் சுவிங்கம், ஊதினால் முட்டை வருகிற சாதி. தன் மனிசனுக்கு மட்டும் கொடுத்தால் பாவம் என்று பதினாறு கட்டிலுக்கும் பகிர்ந்தாள். பதினாறு பேரும் சப்பத் தொடங்கிய நேரம் பார்த்துப் பெரிய டொக்டர் உள்ளே வந்தார். கூடவே மேற்றன் குணலட்சுமி.

மாட்டுப்பட்டி மாதிரி வாட்டே அசை போட்டுக்கொண்டிருந்தது. டொக்டர் பேதுருவிடம் குனிந்து, "இப்ப எப்பிடி இருக்கு?" என்றார். பதில் சொல்ல வாய் திறந்த பேதுருவின் உதட்டில் ரோஸ் முட்டை ஒன்று ஊதி வந்து, டொக்டரின் கண்ணாடிக்கு நேரே வெடித்தது.

ஜெயகௌரி ஓடி ஓடிப் பிடுங்கினாள். பிடுங்கியதைத் தாளில் சுற்ற நேரமில்லாமல் மேசையோரத்துக் கதிரையில் வைத்தாள். மேற்றன் தலை சுற்றுகிறது என்று சொல்லி உட்கார்ந்தது அந்தக் கதிரையில்தான். எழும்பியபோது கதிரையும் கொஞ்சத் தூரம் கூட எழும்பியது.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஜெயகௌரி மேற்றனின் அறையில் நின்றாள். மேற்றன் வேறு சீருடை மாற்றியிருந்தா. முகம் மாறவில்லை.

"இருபத்தெட்டு வருசம். என்ரை வெள்ளைச் சட்டையிலை ஒரு துளி அயடீன்கூடப் பட்டதில்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மேற்றன்."

"காத்துப் போறதுக்கு உந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? எழுப்பி நடக்க வையுங்கோ. குடல் தன்பாட்டிலை எழும்பும்."

"நடக்கினமில்லை மேற்றன். கும்பிட்டுக் கேட்டாலும் 'தையல் பிரிஞ்சிடும் பிள்ளை' எண்டு போர்வையை இழுத்து மூடுகினம்."

"அதுக்குச் சுவிங்கமோ?" மேற்றன் மேசையில் ஒரு கடிதத்தைத் தள்ளினா. விளக்கம் கேட்டு எழுதப்பட்ட கடிதம். "பெரிய டொக்டர் இலக்கம் கேட்டிட்டார் எண்டபடியாலை இப்ப நிப்பாட்டேலாது. கூட்டம்வரைக்கும் செய்யும். ஆனால் என்ரை கண்ணிலை ஒருத்தரும் வாயசைக்கிறதைக் காணக்கூடாது. வாட்டிலை ஒரு துண்டு ஒட்டிக் கிடக்கக்கூடாது. இலக்கம் சரிவரேல்லையெண்டால் உம்மைத் தீவுப்பக்கம் மாத்தச் சொல்லி நானே எழுதுவன்."

ஜெயகௌரிக்கு ஆறு வயதில் ஒரு மகள். தீவு என்றால் வள்ளம். வள்ளம் என்றால் கிழமைக்கு ஒருதரம் வீடு. அன்றிரவு புட்டு எவ்வளவு நேரம் அவிந்தது என்று அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்த் தொடங்கினாள். அறுபது தாண்டியவர்கள் மட்டும், அவர்கள்தான் சொல் கேட்பார்கள். சொந்தப் பல்லு உள்ளவர்கள் மட்டும். திருவுளச்சீட்டில் 'சு' எடுத்தவர்களுக்கு நாளுக்கு மூன்று துண்டு. எப்போது கொடுப்பது? காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் நோயாளரைப் பார்க்கச் சனம் வரும். அந்த நேரத்தில் மட்டும் மேற்றன் வாட்டுப் பக்கம் வரமாட்டா. சனத்தின் கேள்விக்குப் பயம். ஆகவே சரியாய் அந்த நேரம்.

"ஒளிச்சுச் சப்புங்கோ," என்று ஒவ்வொருவருக்கும் காதுக்குள் சொன்னாள். "சப்பி முடிய வெளியிலை குப்பைத் தொட்டியிலை போடுங்கோ. சுவிங்கம் சுத்தின தாள் மட்டும் எனக்குத் திரும்பி வரவேணும். தாள் வந்தால்தான் கணக்கிலை எடுப்பன்."

"ஓம் பிள்ளை. கட்டாயம்," என்றார்கள்.

அவள் தன் கண்ணையே நம்பவில்லை. அவ்வளவு ஒழுங்கு. சனம் உள்ளே வந்து அவளைச் சூழ்ந்து, 'டொக்டர் என்ன சொன்னவர், எப்ப வீட்டை விடுவியள், இடியப்பம் குடுக்கலாமோ' என்று பிய்த்துப்பிடுங்கும் நேரத்தில் எட்டிப் பார்ப்பாள். சுவிங்கக்காரரின் கட்டில் வெறுமையாய்க் கிடக்கும். ஒளித்துச் சப்பப் போயிருக்கிறார்கள். நேரம் முடிய மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். கையில் தாள், முகத்தில் ஒரு திருப்தி. சுவிங்கம் இவ்வளவு சந்தோசம் தரும் என்று அந்தக் கட்டுரையில்கூட எழுதியிருக்கவில்லை. ஒரு கதிரையிலோ, கட்டில் காலிலோ, தலையணையிலோ ஒட்டியதாக முறைப்பாடு வரவில்லை. பாலேஸ்வரி கட்டிலுக்குக் கீழெல்லாம் குனிந்து தேடிவிட்டு, "ஒண்டுமில்லை மிஸ். மனிசர் திருந்தியிட்டினம்," என்றாள்.

அதைவிடப் பெரிய அதிசயம் காத்துக் கொப்பியில் நடந்தது. சீட்டில் வெறும் தாள் எடுத்தவர்கள் வழக்கம்போல் இரண்டு நாள், இரண்டரை நாள் என்று காய்ந்தார்கள். சுவிங்கக்காரர் ஒவ்வொருவராய் ஒன்றேகால் நாளில் 'காத்து, சேர்!' என்றார்கள். அதிபர் நேரத்தைக் குறித்துக் கீழே கோடு போட்டார். ஒரு பின்னேரம், எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் வெட்டிய மறுநாளே முதல் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மிடறாய். ஜெயகௌரி மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு மிடறுக்காக அழுத கிழவரை அவள் மறந்திருக்கவில்லை.

மாதம் முடிந்தது. அதிபருக்குப் புதுப்பல்லும் வந்தது. துண்டு வெட்டுகிறோம் என்றபோதும் அவர் போகவில்லை. சராசரி பார்த்து முடித்துத்தான் போவேன் என்று உட்கார்ந்து, கூட்டிப் பிரித்து, தசமத்துக்குப் பிறகு இரண்டு தானம்வரை எழுதிக் கொடுத்தார்.

கூட்டத்தன்று காலை ஜெயகௌரி சேலையை மூன்று தரம் கட்டி அவிழ்த்தாள். மண்டபத்தில் முன்வரிசையில் வைத்தியசாலைப் பணிப்பாளர், பெரிய டொக்டர், மேற்றன். அவள் காத்துக் கொப்பியோடு எழும்பினாள்.

"எங்கடை வாட்டிலை பதினாறு பேர்," என்று தொடங்கினாள். கொப்பியைப் புரட்டினாள். "சுவிங்கம் குடுக்காத எட்டுப் பேருக்குக் காத்துப் பிரிய எடுத்தது சராசரி ஐம்பது மணித்தியாலம். குடுத்த எட்டுப் பேருக்கு முப்பத்தொண்டு."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெரிய டொக்டர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"சுவிங்கம் எடுத்ததுக்கு என்ன ஆதாரம்?"

அவள் ஒரு கடித உறையை மேசையில் கவிழ்த்தாள். மடித்து மடித்து வைத்த வெள்ளித் தாள்கள் கொட்டின. "ஒண்டும் குறையேல்லை டொக்டர். கட்டில் இலக்கமும் திகதியும் போட்டிருக்கு."

டொக்டர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். பிறகு கை தட்டத் தொடங்கினார். பணிப்பாளர் தட்டினார். கடைசியில், இருபத்தெட்டு வருடமாய் ஒருவருக்கும் தட்டாத மேற்றன் குணலட்சுமியும் எழும்பி நின்று தட்டினா. தட்டிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து, விளக்கம் கேட்ட அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்து நான்காய்க் கிழித்தா. ஜெயகௌரிக்குக் கண் மங்கியது. தீவும் வள்ளமும் எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தன.

"நல்ல வேலை மிஸ்," என்றார் பணிப்பாளர். "ஆராய்ச்சியை எங்கடை ஆக்களிலை செய்து காட்டியிட்டியள். வாற மாதம் துவக்கம் வயிறு வெட்டுற எல்லா வாட்டுக்கும் சுவிங்கம் குடுக்கிறம். மாகாணத்துக்கும் நான் எழுதுறன். சரி, வேறை ஆருக்கும் ஏதாவது சொல்லக் கிடக்கோ?"

அப்போது மண்டபத்து வாசலில், கூட்டத்துக்குக் கதிரை அடுக்க வந்து அப்படியே நின்றுவிட்ட காவலாளி லோஜன் மெதுவாகக் கையை உயர்த்தினான். பிரதான கேற்றில் கடமை பார்ப்பவன்.

"என்ன தம்பி?"

லோஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"எல்லா வாட்டுக்கும் குடுக்கிறதெண்டால் கேற்றடிக்கு இன்னும் ரெண்டு பேரைப் போட்டுத் தாங்கோ ஐயா, சின்னப்பிள்ளையளை உள்ளுக்கை விடேலாதெண்டு, ஆறாம் வாட்டு அப்புமார் நாளுக்கு மூண்டு தரம் சேலைன் போத்திலையும் தூக்கிக்கொண்டு கேற்றடிமட்டும் நடந்து வந்து, அந்தச் சுவிங்கத்தைப் பேரப்பிள்ளையளுக்குக் குடுத்துப்போட்டுத் தாளை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு போறதையே என்னாலை தனியச் சமாளிக்கேலாமல் கிடக்கு!"